முதல் கேள்விக்குப் பதில்

கருமுத்து என்ற எருமைக்கடாவுக்கு எதுவும் புத்தியில் ஏறக் கொஞ்சம் நேரமாகும். அதனால் அவன் முதுகில் குடியிருந்த மைனாவே அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடும். கொம்பு இரண்டும் சுருண்டு வளர்ந்த பிறகும் அதற்கு அவன் குழந்தைதான்.

ஒருநாள் ஒரு கொக்கு வந்தது. நிதானமாக யோசிப்பவர்கள் எவ்வளவு சுகமாக வாழ்கிறார்கள் என்று அளந்து பார்ப்பது அதன் உத்தியோகம்.

“தம்பி, உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?” என்று கேட்டது.

கருமுத்து யோசிக்க ஆரம்பித்தான்.

“புல்லுதான், வேறென்ன?” என்றது மைனா.

“குளிக்கிறதெல்லாம்?”

“குளத்துப் பக்கமே விடமாட்டேன். குழந்தைக்குச் சளி பிடிச்சுக்கும்.”

“சிநேகிதங்க?”

“நான் ஒருத்தி போதாதா?”

கொக்குக்குப் பரம திருப்தி. “பத்துக்குப் பத்து! இவன் வாழ்க்கையில ஒரு குறையும் இல்ல. எதையும் மாத்த வேண்டாம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, களைப்பாற அதுவும் கருமுத்துவின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது.

அப்போதுதான் கருமுத்து யோசித்து முடித்தான். விறுவிறுவென்று நடந்து குளத்தில் இறங்கினான். மைனா காட்டுக்கத்தல் கத்தியது. அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நல்ல கொழகொழவென்ற சேறாகப் பார்த்துத் தொப்பென்று புரண்டான். மைனா பறந்து தப்பித்தது. கொக்கு காக்கை நிறத்தில் எழுந்து வந்தது.

கருமுத்து சேற்றிலிருந்து மூக்கை மட்டும் நீட்டினான்.

“இதுதாண்ணே பிடிக்கும்” என்றான். “ம், ரெண்டாவது கேள்வியக் கேளுங்க.”