கறுத்த பந்து

ஓஹையோ மைதானத்தில் பேஸ்பால் ஆட்டத்தின் கடைசிச் சுற்று நடக்கிறது. மரக் கொட்டகைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. மத்தியானம் வெள்ளையாக இருந்த ஒரே பந்து புகையிலை எச்சிலும் மண்ணும் ஏறிக் கரியாய்க் கறுத்திருக்கிறது. அடிப்பவன் கண்ணுக்குத் தெரியக்கூடாதென்று அப்படிக் கறுக்கவைத்ததே வீச்சாளன் எல்பர்ட்தான். போன மாதம் இதே மங்கலில் அவன் பந்து நெற்றியில் பட்டவன் இன்னும் கண் திறக்கவில்லை. எதிரே மட்டையோடு நிற்கிறவன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறான். "நடுவரய்யா, வேற பந்து குடுங்களேன்," என்கிறான் எல்பர்ட். கூட்டம் சிரிக்கிறது. "தொலைஞ்சாத்தான்யா புதுசு! வீசு," என்கிறார் நடுவர். எல்பர்ட் வீசுகிறான். கையை விட்டதுமே பந்து அவன் கண்ணுக்கே மறைந்துவிடுகிறது. பின்னால் பிடிக்கிறவனின் தோலுறையில் விழுமா, மட்டைக்காரன் எலும்பில் விழுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.