மேல் வரிசை

சவரிமுத்துவின் காகித அங்கிகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் ஒருமுறை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற அங்கிகள். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். சரக்கு ஏறாவிட்டால் திண்டுக்கல்லில் அவர் பட்டறையை மூடவேண்டியதுதான்.

துறைமுகத்தில் ஏஜெண்டாக இருக்கும் தங்கச்சி மகன் ஆண்டனிராஜ்தான் போனில் சொன்னான்.

"காகிதம்னு எழுதிக் குடுத்துட்டு துணிய அனுப்பியிருக்கீகளாம் மாமா. வரிக் கணக்குல காகிதத்துக்கு ஒரு நம்பரு, துணிக்கு வேற நம்பரு. கஸ்டம்ஸ் ஆபீசர் விட மாட்டேங்கிறாரு."

"இழுத்துப் பாக்கச் சொல்லுலே. கிழியும்."

"இழுத்துட்டாரு. கிழியல. நூலு ஓடுதாம்."

"அப்ப எவனோ மாத்திட்டான். நீயே மாத்தியிருப்ப."

"நல்லாருக்கே. பெட்டிய யாரு கட்டுனா?"

"நான்தான். ஒரு பயலையும் கிட்ட விடல."

"பின்ன என்ன? ஆபீசரும் எல்லாத்தையுமா பிரிச்சாரு? ரெண்டு பெட்டியத் தொறந்து, மேல கெடந்தத எடுத்துப் பாத்தாரு. அம்புட்டுத்தான்."



பட்டறை போடுவதற்கு முன் ஒட்டன்சத்திரம் சந்தையில் முப்பது வருசம், நல்ல தக்காளியை மேலே அடுக்கிக் கூடை கூடையாக விற்றவர் சவரிமுத்து. இங்கேயும் வாங்குகிறவன் மேலாகத்தான் பார்ப்பான் என்று, பெட்டிக்கு நாலு உசத்தித் துணி அங்கியை அவரே வாங்கிவந்து மேலே வைத்திருந்தார்.