இருபதும் தப்பு

"இருபதுக்கு ஒண்ணுகூடச் சரியில்லையா!"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷமாக வாராவாரம் வீடு தேடி வந்து, பையிலிருந்த படத்தையும் பொம்மையையும் கொட்டி, தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக் கொடுத்த பிள்ளை. அடுத்த மாதம் பள்ளிக்கூடம். அதற்கு முன்னால் இந்தச் சின்னப் பரீட்சையில் இருபதுக்குக் குறைந்தது பத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் வீட்டோடுதான்.

சிவப்புப் பந்தைக் காட்டினால் "பச்சை" என்றாள் வாண்டு. மூன்று பொத்தானை "ஒம்பது" என்றாள். பெரிய டப்பா எது என்றால் சின்னதைத் தொட்டாள். தொட்டுவிட்டுச் சிரிப்பு வேறு.

டீச்சரின் கோபம் அம்மா மேல் திரும்பியது.

அம்மா அந்த ஒற்றை அறையின் மூலையில் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தெருத் துணியெல்லாம் அவள் மேஜையில்தான். பாடம் நடக்கும்போது அம்மாவும் பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும் என்பது விதி. பரீட்சையன்று மட்டும் உட்காரக் கூடாது, எடுத்துக் கொடுத்துவிடுவார்களாம்.

"ஏம்மா, நான் வர்ற ஒரு மணி நேரம் உக்காந்தா போதுமா? மத்த நாள்ல பிள்ளையத் திரும்பியாவது பாக்கறீங்களா?"

"சொல்லித் தரேன் டீச்சர். நின்னுக்கிட்டேதான். துணி மடிக்கறப்ப இது நீலச் சட்டை, இது மஞ்சச் சட்டைன்னு... அவளும் சரியாத்தான் சொல்லுவா. சத்தியமா டீச்சர்."

"சாக்குக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

அம்மா குனிந்து அடுத்த சட்டையை எடுத்தாள். கண் கலங்கிவிட்டது.

டீச்சர் தாளில் பெரிய முட்டையாகப் போட்டுவிட்டு, சாமான்களைப் பைக்குள் அள்ளினாள். "ஏ வாண்டு, அந்தச் சிவப்புப் பென்சில எடு."

எடுத்துக் கொடுத்தாள். சிவப்பேதான்.

"பொத்தான் எங்க?"

"ரெண்டு இங்க இருக்கு. இன்னொண்ணு உங்க பைக்கு அடியில டீச்சர்."

டீச்சரின் கை அப்படியே நின்றது. தாளை மறுபடியும் பார்த்தாள். குருட்டாம்போக்கில் சொன்னால்கூட நாலைந்து தேறுமே! இருபதும் தப்பாக வர வேண்டுமென்றால் இருபதும் தெரிந்திருக்க வேண்டுமே!

"அடிக் கள்ளி! தெரிஞ்சுக்கிட்டே தப்புத் தப்பா சொன்னியா?"

வாண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏண்டி அப்படிப் பண்ணினே?" அம்மா அதட்டினாள்.

"பாஸாயிட்டா டீச்சர் வர மாட்டாங்கல்ல? பெயிலானா இன்னும் ஒரு வருஷம் வருவேன்னு போன வாரம் அவங்கதான சொன்னாங்க."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பதினோரு வருஷமாக எத்தனையோ வீட்டுப் படி ஏறியாயிற்று, இப்படிப் பாசம் வைத்த பிள்ளையைப் பார்த்ததில்லை.

"என் கண்ணு! டீச்சர்னா அவ்ளோ பிடிக்குமா?"

வாண்டு கொஞ்சம் யோசித்தாள். அன்றைக்குச் சொன்ன பொய் போதும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அதுக்கில்ல டீச்சர். நீங்க வந்தாத்தான் அம்மா உக்காருவாங்க."

டீச்சருக்கு அம்மாவை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்றாள். "பரீட்சை கிடக்கட்டும், மொதல்ல இங்க வந்து உக்காருங்க."

அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். டீச்சர் புதுத் தாளை எடுத்தாள். வாண்டு கேள்வியை முடிக்க விட்டால்தானே! "சிவப்பு! மூணு! இதான் பெரிய டப்பா!" இருபதுக்கு இருபது.

"இனிமே இந்த வீட்டுக்கு நீதான் டீச்சர். தினமும் ஒரு மணி நேரம் அம்மாவ உக்கார வைக்கணும், சரியா?"

வாண்டு பலமாகத் தலையாட்டினாள்.

வழியனுப்ப அம்மா எழுந்திருக்கப் போனாள்.

"உக்காரும்மா, இன்னும் ஒரு மணி நேரம் ஆகல!" என்று அதட்டினாள் புது டீச்சர்.