பூஜ்ஜியத்துக்குப் போன கட்டளை

யாருக்கு அறுவை சிகிச்சை முடிந்தது என்று காட்டும் நான்கு திரைகளும், மருத்துவமனைக் கூடத்தில் ஒரே நொடியில் இருண்டுபோகின்றன. மடிக்கணினியோடு தரையில் சப்பணமிட்டிருக்கும் பழுதுபார்ப்பவள், தான் தட்டிய வரியைத் திரும்பப் பார்க்கிறாள். உறைந்துபோன மூன்றாம் திரையை மட்டும் அணைத்து எழுப்பத்தான் நான்கையும் இணைக்கும் சீரியல் கேபிள் வழியே கட்டளை அனுப்பினாள். அவசரத்தில் மூன்றுக்குப் பதில் பூஜ்ஜியம் விழுந்துவிட்டது. பூஜ்ஜியம் என்றால் எல்லாத் திரைக்கும். காத்திருக்கும் உறவினர்கள் எழ, நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன. “என்னம்மா, உள்ள ஏதாவது ஆயிடுச்சா?” என்கிறார், மனைவியின் மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் பொதிந்து பிடித்திருக்கும் ஒருவர். “இல்லண்ணே, என் கை தவறிடுச்சு. இதோ வந்துடும்.” எழுப்பும் கட்டளையைத் தட்டுகிறாள். மடிக்கணினியின் கறுப்புக் கட்டத்தில் வெள்ளைக் கோடு மட்டும் துடிக்கிறது, பதிலில்லை. மறுபடி தட்டுகிறாள். ‘சரி’ என்று பதில் வருகிறது. மேலே திரைகளில் நீலம் படர்ந்து, பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. அவர் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். “எனக்குத் தைரியமில்ல. முடிஞ்சிடுச்சான்னு நீயே பாத்துச் சொல்லும்மா. கடைசிப் பேரு அவளோடது.” எழுத்து தெரிகிறதா என்று மட்டுமே இத்தனை வருஷமும் திரையைப் பார்த்தவள், முதல்முறையாகப் படிக்க நிமிர்கிறாள்.