வெற்று மனு

"நீ எழுதற லட்சணம் அப்படி. மூணு தடவையும் தள்ளுபடி பண்ணாம பின்னே என்ன பண்ணுவாங்க?" என்றான் கணவன்.

மகளின் காது அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அவள் போட்ட மூன்று மனுக்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. இப்போது நான்காவதை எழுதிக்கொண்டிருந்தாள்.

அவன் புது வேலைக்காகக் கம்ப்யூட்டரில் பழகிக்கொண்டிருந்தான். பிரவுசரைத் திறக்காமலே, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்து சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் வித்தை அது.

"நம்ம மனு போற முகவரிக்கே ஒண்ணு அனுப்பிப் பாக்கறேன்."

"ஏங்க, எதையாவது அனுப்பிக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க."

"பேரு, நம்பர் எதுவுமே இல்லாம வெறுமனேதான் அனுப்பறேன். தப்புன்னு திருப்பி அனுப்பிடும், அவ்வளவுதான்."

என்டரைத் தட்டினான். கண் இமைப்பதற்குள் பதில் வந்து விழுந்தது.

'உங்கள் மனுவை எங்கள் மருத்துவக் குழு வரிவரியாகப் பரிசீலித்தது. ஏற்க இயலாததற்கு வருந்துகிறோம்.'

ஒரு சொல் மாறாமல், மூன்று முறையும் வந்த அதே பதில்.

அவன் அதை மறுபடியும் படித்தான். திரையைப் பார்க்காமல் பின்னால் மனுவிலேயே குனிந்திருந்த அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏங்க, கால்ல விழுந்து கேட்கிறோம்னு ஒரு வரி சேர்க்கட்டுமா?"