நன்கொடைக்கு ஒரு படம்

அருள்புரத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடமும் சாப்பாடும் தரும் டிரஸ்ட் அது. அரிசி தீரப்போகிறது. நன்கொடை கேட்க ஒரு படம் வேண்டும். சென்னையிலிருந்து வந்த கேமராமேன் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாரும் எக்ஸ்போர்ட் டீ-சர்ட்ல பளிச்சுன்னு இருக்காங்களே! ஏழைன்னு யார் நம்புவாங்க?"

"இது பனியன் ஊருங்க," என்றார் டீச்சர் ஜெயபாரதி. "துணிக்குப் பஞ்சமில்லீங்க. சோத்துக்குத்தானுங்க."

"பசி படத்துல தெரியாது, மேடம்."

அப்போது வாசலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். ஜீன்ஸில் இரண்டு முட்டியும் கிழிந்து நூல் தொங்கியது. கேமராமேன் ஆசை தீர எடுத்துத் தள்ளினார்.

"இது போதும். பாவம், இவங்கப்பா என்ன பண்றாரு?"

"எங்க டிரஸ்ட் தலைவருங்க. அந்த ஜீன்ஸ் புதுசுங்க. கிழிஞ்சதுக்குத்தான் வெலை ஜாஸ்திங்களாம்."