சிரட்டைத் தண்ணி

நாத்துனா மவனுக்குச் சிரட்டையில தண்ணி ஊத்திக் குடுத்தவ கோமு.

வீட்ல செம்பு, தம்ளர் இல்லாமலா? அதெல்லாம் அடுக்குல கவுத்தி வச்சது வச்சபடி இருந்துச்சு. இவனுக்குன்னு ஒரு தேங்காச் சிரட்டையை வாசச் சுவத்து மேல தனியா வச்சிருந்தா. அதுல தண்ணியை ஊத்திப் படியில வச்சிட்டு, அவன் மூஞ்சியக்கூடப் பாக்காம உள்ள போயிருவா.

சுடலையாண்டிக்கு அப்ப பத்தொம்பது வயசு. அப்பா வடக்க லாரி ஓட்டுனவரு. எய்ட்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு டிவியில அப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சிருந்தாவ. அதுலயே அவரு போனாரு. அடுத்த வருசமே அம்மாவும் போயிட்டா. இவனுக்கு ரத்தம் சோதிச்சுப் பாத்த டாக்டரு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு.

டாக்டரு சொன்னாப் போதுமா, ஊரு சொல்லணும்லா.

டீக்கடையில கிளாஸ் குடுக்கல. சலூன்ல, கத்தி மழுங்கிட்டு, பொறவு வான்னாவ. அந்தக் கத்தி இவனுக்கு மட்டும் மழுங்கினபடியே கெடந்துச்சு.

கோமு புருசன், அம்மா கூடப் பொறந்த மாமா, நேராவே சொல்லிட்டாரு. "ஏலே, வந்தா வாசலோட நில்லு. வீட்ல சின்னப்புள்ள இருக்கு."

சின்னப்புள்ளன்னா மாமா மவ சங்கரி. இவன் தோள்ல ஏறி உக்காந்து ஊரெல்லாம் சுத்துனவ. இப்ப ஜன்னக் கம்பி வழியா இவனப் பாத்துக்கிட்டு நின்னா.

ஒருநாள் தண்ணியக் குடிச்சிட்டு, சிரட்டையப் பழையபடி சுவத்து மேல கவுத்தி வச்சிட்டு, சுடலை ஊரவிட்டே கெளம்பிட்டான். திசையன்விளையில ஒரு பலசரக்குக் கடையில மூட்டை தூக்குத வேல கெடச்சுது. அங்கன இவன் யாரு மவன்னு யாருக்கும் தெரியாது. அதனால தம்ளர்லயே டீ குடுத்தாவ.

புரட்டாசி பொறந்ததும் அந்த ஊரு தசரா செட்டுல சேந்தான். குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, வேஷம் கட்டி ஊரு ஊராப் போவாவ. ஆளு நல்ல உசரம்னு இவனுக்குக் காளி வேஷம். மூஞ்சி பூராவும் கறுப்புச் சாயம், தலையில கிரீடம், முதுகுல மரக்கை. வாயில கவ்விக்கிட ஒரு நீளச் சிவப்பு நாக்கு. அதக் கவ்விட்டா ஒரு வார்த்த பேச முடியாது.

ஒருநாள் வேன் களக்காட்டு ரோட்டுல திரும்புச்சு. சுடலை ஊரும் மாமா தெருவும் அந்தப் பக்கம்தான். அந்தத் தெரு மட்டும் வேண்டாமேன்னு செட்டுத் தலைவர்கிட்ட சொல்லிப் பாத்தான்.

"ஏம்லே, அங்கன எவன்கிட்டயும் கடன் கிடன் வாங்கிருக்கியா?"

"இல்ல அண்ணாச்சி."

"வாங்கிருந்தாத்தான் என்ன. காளிகிட்ட வந்து எவம்லே கடனக் கேப்பான். நாக்க மாட்டு."

கண்டுபிடிச்சா என்ன ஆவும்னு சுடலைக்குத் தெரியும். வேஷத்தோட வெரட்டுவாவ. விஷயம் செட்டுக்குத் தெரிஞ்சா திசையன்விளைத் தம்ளரும் போயிரும்.

மேளம் மொழங்க மாமா வீட்டு வாசல்ல போயி நின்னான். தெருவே கூடிட்டு. டீக்கடைக்காரரு கால்ல விழுந்து எந்திரிச்சாரு. சலூன்காரரு ரெண்டு கையையும் ஏந்திக் குங்குமம் வாங்கினாரு. மாமா தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு.

"ஏட்டி கோமு, ஆத்தா வந்திருக்கா. நல்ல செம்புல தண்ணி கொண்டா."

கோமு கொண்டுவந்தா. புளி போட்டு வெளக்குன பித்தளைச் செம்பு, வெயில்ல கண்ணக் கூசிச்சு. சுவத்து மேல அந்தச் சிரட்டை அப்பிடியேதான் இருந்துச்சு. காளி அதையே பாத்துக்கிட்டு நின்னா.

கோமு மஞ்சத்தண்ணிய ஊத்திக் காலக் கழுவினா. வெரலு வெரலா, நகத்து இடுக்கெல்லாம் கழுவினா.

"போதும்ட்டி, மத்த வேஷத்துக்கும் தண்ணி வேணும்லா"ன்னாரு மாமா.

அவ காதுல வாங்குன மாதிரியே தெரியல. பொறவு உள்ள போயி சங்கரியத் தூக்கிட்டு வந்து, காளி கையிலயே குடுத்தா.

"ஆத்தா கை பட்டா பிள்ளைக்கு ஒரு நோய் நொடி அண்டாது"ன்னு மாமா தெருவுக்கே கேக்குத மாதிரி சொன்னாரு.

காளியப் பாத்தா மத்த பிள்ளையெல்லாம் அலறும். சங்கரி அலறல. பழைய பழக்கத்துல கழுத்தக் கட்டிக்கிட்டு, தோள் மேல ஏறப் பாத்தா.

சுடலைக்குக் கண்ணு நெறஞ்சுட்டு. சாயம் கரைஞ்சா மாட்டிக்கிடுவோமேன்னு இறுக்கி மூடிக்கிட்டான். பெத்தவிய செத்ததுல இருந்து அவன ஒரு மனுசர் தொட்டதில்ல. இப்பத் தொடுதாவ. ஆனா யாரத் தொடுதாவ? வேஷத்துக்குச் செம்பு, ஆளுக்குச் சிரட்டையா? நாக்கத் துப்பிட்டு, நாந்தான் அத்தை நிக்கேன்னு கத்திருவோமான்னு நெஞ்சு வரைக்கும் வந்துட்டு.

அதுக்குள்ள கோமு குங்குமம் வாங்கக் கிட்ட வந்தா. நெத்திய நீட்டினா. மேளக்காரன் வெளுத்து வாங்கிக்கிட்டிருந்தான். பக்கத்துல நின்ன மாமாவுக்குக்கூடக் கேட்டிருக்காது. கோமு அவன் காதுகிட்ட வாயக் கொண்டுபோனா.

"சுடலை... வேளாவேளைக்குச் சாப்பிடுதியாலே?"

சுடலை கிரீடம் ஆட ஆடத் தலைய ஆட்டினான்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா"ன்னு மாமா கன்னத்துல போட்டுக்கிட்டாரு.